பிக்கப் வண்டியை வீடாக்கலாமா?

(நம் சங்கத்தின் புரட்டாசி மாதக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். அவர் முன்வைத்த கோரிக்கை அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு வருவதால், வர இயலாதவர்களுக்காக முழுமையாக வெளியிடுகிறோம்.)



பின்பக்கச் சுவரோரம் நிற்கும் வெள்ளைப் பெட்டி வண்டி யாருடையது, ஐஸ்கிரீம் வண்டியா, ஆம்புலன்ஸா என்று நிறையப் பேர் வாட்ச்மேனிடம் கேட்டிருக்கிறீர்கள். அது என்னுடையது. தை மாதம் முதல் ஆவணி முடிய எட்டு மாதம் நானும் என் மனைவியும் அதில்தான் குடியிருந்தோம். இப்போது திரும்பி வந்துவிட்டோம். நம் குடியிருப்பிலேயே இரண்டு பேர் 'நாங்களும் இப்படி ஒன்று கட்டலாமா' என்று என்னிடம் கேட்டதால், செயலாளர் என்னைப் பேசச் சொன்னார். கட்டலாமா, கட்டினால் எப்படி, கட்டிய பிறகு எங்கே நிறுத்துவது என்ற மூன்றையும் சொல்கிறேன். கடைசியில் உங்களிடம் ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கிறது.

நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் சரக்கு அனுப்பும் பிரிவில் 31 வருடம் வேலை பார்த்தவன். காலண்டரும் டைரியும் ஏற்றிய வண்டிகள் எல்லா ஊருக்கும் போகும், நான் மட்டும் ரசீதுப் புத்தகத்தோடு வாசலிலேயே நிற்பேன். ஓய்வு பெற்றதும் வண்டி போன ஊர்களையெல்லாம் பார்க்க வேண்டும் என்ற ஆசை. லாட்ஜ் வாடகை கட்டி ஊர் சுற்ற என் ஓய்வூதியம் தாங்காது. அப்போதுதான் ஓர் இளைஞரைப் பற்றிப் படித்தேன்.

நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூரைச் சேர்ந்த அருண் பிரபு என்ற கட்டடக் கலைஞர். 2019-ல், 23 வயதில், ஒரு பழைய மூன்று சக்கர வண்டியின் மேல் வீடு கட்டினார். பெயர் 'சோலோ 0.1'. ஆறடிக்கு ஆறடி, அதாவது 36 சதுர அடி இடம். அதற்குள் படுக்கை, சமையல், குளியல், கழிப்பறை, மேலே சோலார் பலகை, 250 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. செலவு ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய். பழைய பஸ் பாகங்களையும் இடித்த கட்டடங்களின் பொருட்களையும் வைத்துக் கட்டினார். சென்னை, மும்பை குடிசைப் பகுதிகளின் வீடுகளை ஆராய்ந்தபோது, இருக்கிற சிறிய இடத்தைச் சரியாகப் பயன்படுத்தினாலே எவ்வளவோ வசதி செய்யலாம் என்று தோன்றியதுதான் அவருக்குத் தொடக்கம். 2021 பிப்ரவரியில் ஆனந்த் மஹிந்திரா அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, இதைவிடப் பெரிதாக ஒரு பொலிரோ பிக்கப்பின் மேல் வடிவமைத்துத் தருவாரா என்று ட்விட்டரில் கேட்டார். அதைப் படித்த அன்றுதான் எனக்கும் பிக்கப் யோசனை வந்தது.

முதலில் சட்டம். வண்டி வாங்கும் முன்பே இதைத் தெரிந்துகொள்ளுங்கள். நான் கொஞ்சம் தாமதமாகத் தெரிந்துகொண்டேன்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவின்படி, வண்டியைத் தயாரித்த கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக ஆர்.சி. விவரம் ஆகும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே வருடம் வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாமல் மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வசிப்பதற்கான மோட்டார் கேரவன்களுக்கென்று ஏ.ஐ.எஸ்.-124 என்ற தனித் தரவிதியே இருக்கிறது. ஆகவே பட்டறைக்காரர் 'எல்லாம் பார்த்துக்கலாம்' என்று சொன்னால் நம்பி உட்காராதீர்கள். வரைபடத்தை எடுத்துக்கொண்டு நேரே ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய், எது அனுமதிக்கப்படும், எது படாது என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதன் பிறகு வெல்டிங் வையுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். சொல்லாமல் மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால் இழப்பீடு கேட்கும்போது அதுவே தடையாக நிற்கும். என் வண்டியில் பெட்டி தனி, வண்டி தனி. சேஸிஸில் வெட்டு கிடையாது, போல்ட்டைக் கழற்றினால் பெட்டி இறங்கிவிடும். அப்படியும் கேட்டுத்தான் செய்தேன்.

இன்னொன்று. வண்டி ஓடும்போது பின்னால் பெட்டிக்குள் யாரும் உட்காரவோ படுக்கவோ கூடாது. பேரப்பிள்ளைகள் அடம் பிடிப்பார்கள். கூடவே கூடாது.

அடுத்தது எடை. வீடு கட்டும்போது சதுர அடியைப் பார்க்கிறோம். வண்டியில் கிலோவைப் பார்க்க வேண்டும். குட்டி யானை என்று நாம் சொல்லும் சின்ன வண்டி 750 கிலோ அளவுதான் தாங்கும். அதனால் 1,300 கிலோ ஏற்றக்கூடிய பழைய பிக்கப் வாங்கினேன். பெட்டி 420 கிலோ, தண்ணீர் 120 லிட்டர் என்றால் 120 கிலோ, கட்டில், அலமாரி, பாத்திரம், துணிமணி, பேட்டரி எல்லாம் சேர்த்து இன்னும் 300 கிலோ. விருதுநகரில் பருப்பு, மிளகாய் மூட்டைக்காக எத்தனை எடை மேடை இருக்கிறது! அதில் மூன்று முறை ஏற்றிப் பார்த்தேன். மொத்த எடை மட்டும் போதாது, இடம் வலம் சமமாக இருக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி கீழே, நடுவில், பின் அச்சுக்குச் சற்று முன்னால். மேலே கனம் கூடாது. ஆனி, ஆடி மாதத்தில் கயத்தாறு, முப்பந்தல் பக்கம் போய்ப் பாருங்கள். காற்றாலைகளை அங்கே சும்மா வைக்கவில்லை. பக்கக் காற்று உயரமான பெட்டியை அடிக்கும்போது ஸ்டியரிங் கையிலிருந்து பிடுங்குவது போல இருக்கும். அந்தப் பக்கம் 40-க்கு மேல் நான் ஓட்டியதே இல்லை.

மின்சாரம். கூரையில் 200 வாட் பலகை இரண்டு. நல்ல வெயிலில் நாளுக்கு ஒன்றரை யூனிட் கிடைக்கும். 28 வாட் மின்விசிறி இரவு பகல் ஓடினாலும் முக்கால் யூனிட்டுக்குள் முடிந்துவிடும். சிறிய ஃபிரிட்ஜ் அரை யூனிட், விளக்கும் போன் சார்ஜும் மிச்சம். அவ்வளவுதான் கணக்கு. ஏ.சி.யை மறந்துவிடுங்கள். இண்டக்ஷன் அடுப்பு ஒரு மணி நேரத்தில் அன்றைய மின்சாரம் முழுவதையும் குடித்துவிடும். நம் ஊர் சித்திரை வெயிலில் தகரப் பெட்டி அடுப்பாகிவிடும். சுவர் இரண்டு தகட்டுக்கு நடுவில் இரண்டங்குலம் தெர்மாகோல் வைத்தும், மதியம் இரண்டு மணிக்கு உள்ளே இருக்க முடியாது. வேப்ப மரத்தடி எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் நிறுத்துவோம். மரத்தடியில் நிறுத்தினால் சோலார் வேலை செய்யாது. இந்த இழுபறி எட்டு மாதமும் இருந்தது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நாம் இருப்பது பட்டாசு ஊர். இங்கே பழைய பிக்கப் வாங்கினால், அது அதுவரை என்ன ஏற்றியது என்று விசாரியுங்கள். நான் விசாரிக்கவில்லை. பாடி கட்டும் பட்டறையில் வயதான மிஸ்திரி ஒருவர் வண்டியைச் சுற்றி வந்தார். தரைப் பலகையின் இடுக்கில் விரலை விட்டு எடுத்துப் பார்த்தார். விரல் நுனியில் வெள்ளி போலப் பளபளப்பு.

"அண்ணாச்சி, இது பட்டாசுக்கு ஓடின வண்டி. மருந்துத் தூசி இருக்கு. பலகையை எல்லாம் கழற்றி, நிறையத் தண்ணி விட்டுக் கழுவி, நாலு நாள் வெயில்ல காயட்டும். அதுக்குப் பிறகுதான் நான் வெல்டிங் ராடு தொடுவேன்" என்றார்.

நான் அவசரப்பட்டேன். நாலு நாள் வாடகை யார் தருவது என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. தன் இடது கையைத் திருப்பிக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பழைய தீக்காயம். பிறகு நான் பேசவில்லை.

அதே மிஸ்திரிதான் இரண்டு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். ஒன்று, பெட்டிக்கு இரண்டு வாசல் வேண்டும், இரண்டும் வெளிப்பக்கம் திறக்க வேண்டும். இன்னொன்று, அடுப்புக்குக் கீழே தரையில் இரண்டு துளை வேண்டும். பக்கவாட்டு வாசல் வைத்தால் ஓர் அலமாரி போய்விடும் என்று நான் வாதாடினேன். "பட்டாசு ஆலையில மருந்து ரூமைப் பாத்திருக்கீங்களா அண்ணாச்சி? சின்ன ரூம், நாலு பேருக்கு மேல இருக்கக் கூடாது. ஆனா எந்தப் பக்கம் திரும்பினாலும் வெளியே ஓட வாசல் இருக்கும். நீங்க அதைவிடச் சின்ன ரூம்ல தூங்கப் போறீங்க" என்றார். சரி என்று வைத்தேன். அலமாரி போனது.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தண்ணீர் போலத் தரையில் தேங்கும். வீட்டில் கதவிடுக்கு வழியாகக் கொஞ்சமாவது வெளியேறும். இறுக்கமாக அடைத்த வண்டிக்குள் அது போக வழியில்லை. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரை ரயில் நிலையத்தில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். லக்னோவிலிருந்து யாத்திரை வந்தவர்களின் தனிப் பெட்டியில், விதியை மீறி உள்ளே கொண்டுவந்த சிலிண்டரில் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். அதுவும் சக்கரத்தின் மேல் நின்ற ஒரு வீடுதான். அதைப் பேப்பரில் படித்தவன்தான் நான். படித்தும் என் வண்டியில் சிலிண்டரை அடுப்புக்குக் கீழே, உள்ளேயேதான் வைத்திருந்தேன்.

ஆனி மாதக் கடைசி. குற்றாலத்தில் சாரல். மூன்று நாளாக வெயிலே இல்லை. பேட்டரி இறங்கிவிட்டதால் ஃபிரிட்ஜை நிறுத்தியிருந்தேன். குளிருக்கு மின்விசிறியும் ஓடவில்லை. இடம் கிடைக்காமல், ஒரு காம்பவுண்டுச் சுவரை ஒட்டிப் பின்வாசல் திறக்க முடியாதபடி நிறுத்தியிருந்தேன். தரைத் துளை வழியாக ஈரக்காற்று வருகிறதென்று அதன்மேல் கயிற்று மிதியடியை மடித்துப் போட்டதும் நான்தான்.

இரவு இரண்டு மணி இருக்கும். என் மனைவி என் தோளை அழுத்தினாள். "என்னங்க, எழுந்திரிங்க. சுவிட்சைத் தொடாதீங்க. போனையும் எடுக்காதீங்க" என்றாள். அவள் குரலில் பதற்றமே இல்லை. அப்போதுதான் எனக்கு வாடை தெரிந்தது. நான் பழக்கத்தில் விளக்குச் சுவிட்சுக்குத்தான் கையை நீட்டியிருப்பேன். அவள் இருட்டிலேயே தடவிப் போய்ப் பக்கவாட்டு வாசலைத் திறந்தாள். இருவரும் மழையில் இறங்கி நின்றோம். அவளே மறுபடி குனிந்து உள்ளே கைவிட்டு ரெகுலேட்டரை மூடினாள், மிதியடியை இழுத்து வெளியே போட்டாள். ட்யூப் ரெகுலேட்டரில் சேரும் இடத்தில் விரிசல். வண்டியின் குலுக்கலில் வந்தது.

என் மாமனார் சாத்தூர்ப் பக்கம் பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் வேலை பார்த்தவர். ஆலைக்குள் நுழையும் முன் தாமிரத் தகட்டைத் தொட்டுவிட்டு, உடம்பில் இருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும் என்பதைத் தன் பிள்ளைகளுக்கு அவர் கதையாகச் சொல்லி வளர்த்தவர். எட்டு வயதில் கேட்டதை அவள் 57 வயதில் நினைவில் வைத்திருந்தாள். அந்த அலமாரிக்காக நான் பிடிவாதம் பிடித்து ஜெயித்திருந்தால், அன்று திறக்க எங்களுக்கு வாசலே இருந்திருக்காது.

மறுநாளே தென்காசியில் ஒரு பட்டறையில் விட்டேன். இப்போது சிலிண்டருக்கு வெளிப்பக்கம் தனிப் பெட்டி. வெளியிலிருந்து மட்டுமே திறக்கலாம், அதன் அடியில் காற்றுத் துளை, வீட்டுப் பக்கம் முழுக்க அடைப்பு. பெரிய சிலிண்டரை மாற்றிவிட்டு, அடையாள அட்டை காட்டி வாங்கும் 5 கிலோ சிலிண்டர். வண்டி கிளம்பும் முன்பும் படுக்கும் முன்பும் ரெகுலேட்டர் மூடியாயிற்றா என்று ஒருவர் கேட்க, மற்றவர் பதில் சொல்ல வேண்டும். ட்யூபை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். தரையோரம் வாயுக் கசிவு அலாரம் ஒன்றும் வைத்திருக்கிறேன். இதெல்லாம் சேர்த்து ஆன செலவு 9,000 ரூபாய்.

மொத்தச் செலவையும் சொல்லிவிடுகிறேன். வண்டி 4 லட்சத்து 20 ஆயிரம். பெட்டி, உள் வேலை 2 லட்சத்து 60 ஆயிரம். சோலார், பேட்டரி 75 ஆயிரம். எஃப்.சி., இன்சூரன்ஸ், வரி தனி. மாதச் செலவு டீசலைப் பொறுத்தது. வாரத்துக்கு ஓர் ஊர் என்று மெதுவாகப் போனால் 22 ஆயிரத்தில் இருவரும் சாப்பிட்டு ஊர் பார்க்கலாம். தினமும் ஓடினால் கட்டுப்படியாகாது.

ஓடும் வீட்டில் பெரிய கஷ்டம் எது என்று எல்லாரும் கேட்கிறார்கள். கழிப்பறை. உள்ளே கையடக்கப் பெட்டிக் கழிப்பறை இருக்கிறது. ஆனால் அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? ஓடையிலும் சாக்கடையிலும் கொட்டக் கூடாது. பெட்ரோல் பங்க், கோயில் கழிப்பறைகளில் கேட்டுத்தான் கொட்டினோம். சில இடத்தில் முகம் சுளித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கேரளாவில் 2021-ல் 'கேரவன் கேரளா' என்று ஒரு கொள்கையே கொண்டுவந்து, தண்ணீர், மின்சாரம், கழிவு அகற்றும் வசதியோடு வண்டி நிறுத்தும் பூங்காக்களுக்கு வழி செய்தார்கள். வாகமணில் அப்படி ஒன்று வந்தது. அந்த வசதி ஊருக்கு ஊர் வரும்வரை, தம்பதியாகப் போகிறவர்கள் அதிகாலை நான்கு மணிக்கு எழப் பழகிக்கொள்ள வேண்டும்.

இனி, ஃபிளாட்டை விற்கலாமா என்ற கேள்வி. நான் விற்றுவிடலாம் என்றுதான் இருந்தேன். விலை பேசி முன்பணம் வாங்கும் வரை வந்துவிட்டது. என் மனைவிதான், "ரேஷன் கார்டு எந்த விலாசத்துல இருக்கும்? ஓட்டு எங்க போடுவீங்க? உங்களுக்கு நெஞ்சு வலின்னா பிள்ளை எந்த ஊருக்குப் பஸ் ஏறணும்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் இல்லை. விற்கவில்லை. ஆடியில் எனக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்தபோது, இங்கே நம் சாவி வைத்திருந்த எதிர்வீட்டுக்காரர்தான் பழைய மருத்துவச் சீட்டுகளைத் தேடிப் படம் எடுத்து அனுப்பினார். வண்டியில் குடியிருக்க ஆசைப்படும் உங்களுக்கு என் யோசனை இதுதான்: முதல் ஒரு வருடம் வீட்டை வைத்துக்கொண்டே போங்கள். மெயின்டனன்ஸ் தொகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அதன் பிறகும் சாலைதான் வேண்டும் என்று தோன்றினால், அப்போது விற்பதைப் பற்றி யோசியுங்கள்.

இப்போது மன்னிப்பு.

போன வருடம் தீபாவளிக்கு 20 நாள் முன்பு வண்டி பட்டறையிலிருந்து வந்தது. உயரம் ஒன்பதரை அடி, ஸ்டில்ட் பார்க்கிங்குக்குள் நுழையாது. அதனால் முன்பக்கத் திறந்தவெளியில் நிறுத்தினேன். உள்ளே முழு சிலிண்டர், ரெகுலேட்டர் மாட்டியபடி. சங்கத்திடம் அனுமதி கேட்கவில்லை. தீபாவளி அன்று காலை நம் பிள்ளைகள் அந்த இடத்தில்தான் புஸ்வாணமும் சங்குச் சக்கரமும் வைத்தார்கள். என் வண்டியின் நிழலில் உட்கார்ந்து மத்தாப்புப் பெட்டியைப் பிரித்தார்கள். நான் பால்கனியில் நின்று சிரித்துக்கொண்டே பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் குற்றாலத்தில் மழையில் நின்ற அந்த இரவு எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பிள்ளைகள்தான். யாரும் என்னைக் கேட்கவில்லை என்பதற்காக நான் சொல்லாமல் இருக்கக் கூடாது. எல்லாப் பெற்றோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அதனால் என் கோரிக்கையை நிபந்தனையோடு வைக்கிறேன். பின்பக்கச் சுவரோரம், கட்டடத்திலிருந்தும் ஜெனரேட்டரிலிருந்தும் தள்ளி, என் வண்டிக்கு ஓர் இடம் வேண்டும். காம்பவுண்டுக்குள் வரும்போது சிலிண்டர் வண்டியில் இருக்காது, வாட்ச்மேன் திறந்து பார்த்துக்கொள்ளலாம். பேட்டரியின் மெயின் சுவிட்ச் அணைந்திருக்கும், ஒரு சாவி செயலாளரிடம் இருக்கும். காம்பவுண்டுக்குள் அதில் யாரும் தூங்கவோ சமைக்கவோ மாட்டோம். தீபாவளிக்கு முன்னும் பின்னும் பத்து நாள் வண்டி இங்கே இருக்காது, வெளியே வாடகை இடத்தில் நிறுத்துகிறேன். சங்கம் சொல்லும் பார்க்கிங் கட்டணத்தைக் கட்டுகிறேன். இது எனக்கு மட்டும் வேண்டாம். நாளை இன்னொருவர் இப்படி வண்டி கொண்டுவந்தால் அவருக்கும் இதே விதி இருக்கும்படி தீர்மானமாகவே எழுதிவிடுங்கள். வேண்டாம் என்று பெரும்பான்மையினர் சொன்னால் வருத்தமில்லாமல் வெளியே நிறுத்திக்கொள்கிறேன்.

வண்டியைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு மேல் வாருங்கள். கட்டும் எண்ணம் உள்ளவர்கள் டேப்பும் நோட்டும் கொண்டுவாருங்கள். எடைக் கணக்கு எழுதிய தாளைப் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். பிள்ளைகள் பெரியவர்களோடு வந்தால் என் மனைவி இரண்டு வாசலையும் திறந்து காட்டுவாள், எதற்கு இரண்டு என்றும் சொல்வாள்.